ஆணா பெண்ணான்னு சொல்லத் தெரியாத மெஷின்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். காலேஜ்ல படிச்சது எலக்ட்ரானிக்ஸ். அந்தப் படிப்புக்கும் இப்ப பாக்குற வேலைக்கும் சம்பந்தம் இல்லைன்னாலும், சில விஷயங்களைப் படிக்கும்போது பழைய கை அரிப்பு வந்துடுது. பதிவு கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்கிறவங்க சனிக்கிழமை வந்து படிங்க :-)

கொஞ்ச காலமா ஒரு வாதம் திரும்பத் திரும்பக் காதுல விழுது. "ஸ்கேன் சட்டத்தைத் தளர்த்துங்க. கையடக்க ஸ்கேன் மெஷின் இருந்தா எத்தனையோ பச்சிளங்குழந்தைகளோட மூளையில ரத்தம் கசியறதை உடனே கண்டுபிடிக்கலாம். இந்தப் பாழாப்போன சட்டம்தான் தடை." டாக்டர்கள் சொன்னா அதுல ஒரு ஆதங்கம் இருக்குன்னு எடுத்துக்கலாம். டெக்னாலஜி பத்தி எழுதுற நம்ம ஆளுங்களும் அதே பாட்டைப் பாடும்போதுதான் எரிச்சல் வருது. சட்டத்தைத் தொட வேண்டாம், மெஷினை மாத்துங்கன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல சட்டம். 1994-ல் வந்து, 1996-ல் அமலாகி, 2003-ல் இறுக்கப்பட்ட பிசிபிஎன்டிடி சட்டம். கருவில் இருக்கிறது ஆணா பெண்ணான்னு பார்த்துச் சொல்லக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும், ஸ்கேன் சென்டர் வாசல்லயே போர்டு தொங்கும். தெரியாத பகுதி இது: கருவோட பாலினத்தைக் கண்டுபிடிக்கிற திறன் உள்ள எந்த மெஷினையும், பதிவு செய்யாத ஒருத்தருக்கு விற்கவே கூடாது. நீங்க அதை எதுக்குப் பயன்படுத்தப் போறீங்கங்கிறது கேள்வியே இல்லை. அதுக்கு என்ன திறன் இருக்குங்கிறதுதான் கேள்வி. கையில தூக்கிட்டுப் போற மெஷினுக்கு 2012-ல் தனி விதி வந்தது. பதிவு பெற்ற, உள்நோயாளிகள் இருக்கிற ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ள பயன்படுத்தலாம். இல்லைன்னா நடமாடும் மருத்துவ வண்டியில, அதுக்கும் நிபந்தனைகளோட. அவ்வளவுதான்.

பிறந்த குழந்தையோட தலையை ஸ்கேன் பண்றது ரொம்ப எளிமையான யோசனை. உச்சிக்குழி இருக்கு இல்லையா, பாட்டிமார் எண்ணெய் வைக்கிற இடம், அங்க எலும்பு இன்னும் மூடலை. அது மேல புரோபை வச்சா மூளைக்குள்ள ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரி தெரியும். 1970-களோட கடைசியிலேர்ந்து உலகம் முழுக்க இதுதான் முறை. நல்ல முறை. கதிர்வீச்சு இல்லை, குழந்தையைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். ஆனா அதே மெஷின்ல புரோபை மாத்தி ஒரு கர்ப்பிணி வயித்துல வச்சா என்ன தெரியும்னு நான் சொல்லத் தேவையில்லை. அதனாலதான் பூட்டு.

இந்தப் பூட்டு தேவையான்னு கேக்குறவங்க புதுச்சேரியிலேர்ந்து பஸ் ஏறி ஒரு மணி நேரம் தெற்கே போங்க. 2011 கணக்கெடுப்புல 0-6 வயசுல 1000 ஆண் குழந்தைகளுக்குப் புதுச்சேரியில 967 பெண் குழந்தைகள். பரவாயில்லைன்னு சொல்லலாம். முள்ளோடை தாண்டினா கடலூர் மாவட்டம். அங்க 900-க்கும் கீழே! நடுவுல மலை இல்லை, கடல் இல்லை, பாஷை மாறலை. ஒரு செக்போஸ்ட்டும் வரிசையா நாலு ஒயின் ஷாப்பும்தான். கள்ளிப்பால் கதையெல்லாம் உசிலம்பட்டி, சேலம் பக்கம்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்துல ஆரம்பிச்சபோது தொட்டில் போதும்னுதான் நினைச்சிருப்பாங்க. கள்ளிப்பாலோட வேலையை ஸ்கேன் மெஷின் சத்தமில்லாம எடுத்துக்கிச்சு.

மகப்பேறு டாக்டர்கள் சங்கம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், ஃபார்ம் எஃப்ல ஒரு கட்டம் நிரப்ப விட்டுப்போனதுக்கெல்லாம் கிரிமினல் கேஸான்னு கேட்டாங்க. 2019 மே மாசம் கோர்ட் ஒத்துக்கலை. அந்தப் படிவம்தான் சட்டத்தோட உயிர்நாடிங்கிற தொனியில தீர்ப்பு வந்தது. எனக்கு அந்தத் தீர்ப்புல முழு உடன்பாடு. திட்டறவங்க பின்னூட்டத்துல திட்டலாம்.

நிற்க. இப்ப இன்னொரு பக்கம்.

32 வாரத்துக்கு முன்னாடி, ஒன்றரை கிலோவுக்குக் கீழே பிறக்கிற குழந்தைகளோட மூளைக்கு நடுவுல, நீர் அறைகளை ஒட்டி ஒரு மெல்லிசான படுகை இருக்கும். மூளை செல்கள் உற்பத்தியாகிற இடம். நிறைமாசத்துக்குள்ள அது தானா சுருங்கிப் போயிடும். குறைமாசத்துல வந்துட்ட குழந்தைக்கு அது அப்படியே இருக்கும், அதுல ஓடுற ரத்தக்குழாய்களுக்குத் தாங்குற சக்தி கிடையாது. ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கசியும். முதல்ல படுகையில, அப்புறம் நீர் அறைக்குள்ள, மோசமா போனா மூளைத் திசுவுக்கே. 1978-ல் நியூ மெக்சிகோவில் பப்பீல் குழுவினர் இந்த எடையில பிறந்த 46 குழந்தைகளுக்கு வரிசையா சி.டி. எடுத்துப் பார்த்தாங்க. 20 பேருக்குக் கசிவு இருந்தது. இன்னிக்கும் டாக்டர்கள் கிரேடு 1, 2, 3, 4-ன்னு சொல்றது அந்த ஆய்வோட மிச்சம்தான். அப்போ இருந்ததை விட இப்ப விகிதம் குறைஞ்சிருக்கு, முக்கியமா பிரசவத்துக்கு முன்னாடி அம்மாவுக்குப் போடுற ஸ்டீராய்டு ஊசியால. ஆனா ஒழியலை.

இதுல முக்கியமான விஷயம் நேரம். பெரும்பாலான கசிவு முதல் 72 மணி நேரத்துக்குள்ள நடக்குது. பல குழந்தைகள்கிட்ட வெளியில ஒரு அறிகுறியும் தெரியாது. அழாது, வெட்டிக்காது, சும்மா படுத்திருக்கும்.

எங்க அக்கா பொண்ணு 31 வாரத்துல பிறந்தா. வெள்ளிக்கிழமை ராத்திரி. தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில வச்சாங்க. தலை ஸ்கேன் எப்பன்னு கேட்டேன். "ஸ்கேன் டாக்டர் திங்கட்கிழமைதான் சார் வருவாங்க." மெஷின் அதே கட்டடத்துல கீழ் மாடியில பூட்டின ரூம்ல இருந்தது. பதிவு அந்த டாக்டர் பேர்ல. வேற யாராவது எடுக்கக் கூடாதான்னு கேட்டதுக்கு அந்த நர்ஸ் அக்கா, "தொட்டா சீல் வச்சிடுவாங்க சார், எங்க வேலையும் போயிடும்"னு சொன்னாங்க. வெள்ளி ராத்திரியிலேர்ந்து திங்கள் மத்தியானம் வரைக்கும் எத்தனை மணி நேரம்னு கணக்குப் போட்டுக்குங்க, 72-ல் மிச்சம் எவ்வளவுன்னும். கிரேடு 1. தானா கரைஞ்சு போச்சு. இப்ப யூகேஜி படிக்கிறா, வாய் காது வரைக்கும். அந்த அறுபது சொச்ச மணி நேரம் உள்ள என்ன நடந்துச்சுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பட்டுட்டும் சட்டம் சரின்னு சொல்றியேன்னு வீட்லயே கேட்டாங்க. ஆமாம், சரிதான். ஏன்னா அந்தப் பூட்டைத் திறக்காமலே பார்க்க வேற வழி இருக்கு. நாற்பது வருஷமா இருக்கு.

எலக்ட்ரிகல் இம்பீடன்ஸ் டோமோகிராஃபி. சுருக்கமா இஐடி. தமிழ்ல மின்மறுப்புப் படமெடுப்புன்னு சொல்லலாம். தலையைச் சுத்தி 16 சின்ன எலக்ட்ரோடு. ஒரு ஜோடி வழியா உடம்புக்கே தெரியாத அளவு, ஒரு மில்லி ஆம்பியர் இல்லை அதுக்கும் கீழே, உயர் அதிர்வெண் மின்சாரம் விடணும். மத்த ஜோடிகள்ல வோல்டேஜ் எவ்வளவுன்னு அளக்கணும். அப்புறம் அடுத்த ஜோடி, அப்புறம் அடுத்தது. ஒரு சுத்து முடிஞ்சா உள்ள எங்க மின்சாரம் சுலபமா போகுது, எங்க தயங்குதுன்னு தோராயமா ஒரு வரைபடம் போடலாம். பஸ் ஸ்டாண்டுல தர்பூசணி விக்கிறவர் பழத்தைச் சுத்திச் சுத்தித் தட்டிப் பார்த்துட்டு உள்ள பழுத்திருக்கான்னு சொல்வார் பாருங்க, கிட்டத்தட்ட அந்த வேலை.

1978-ல் விஸ்கான்சின்ல ஹெண்டர்சனும் வெப்ஸ்டரும் மார்புல ஆரம்பிச்சாங்க. 1980-களில் ஷெஃபீல்டுல பார்பரும் பிரவுனும் ஒழுங்கான மெஷினாவே ஆக்கினாங்க. அதே காலத்துல ஆக்ஸ்ஃபோர்டுல டராசெங்கோவும் ரோல்ஃபும் இதைப் பச்சிளங்குழந்தைகளோட தலைக்குத்தான் கொண்டு போனாங்க. அதாவது குழந்தை மூளைங்கிறது இந்த டெக்னாலஜிக்குப் பின்னாடி தோணின யோசனை இல்லை, ஆரம்பத்திலேயே இருந்தது. அப்புறம் புளோரிடாவில் ரோசலிண்ட் சாட்லியர் குழு பன்றிக்குட்டிகளோட மூளை நீர் அறைக்குள்ள சின்ன அளவு ரத்தத்தைச் செலுத்தி, எலக்ட்ரோடுல மாற்றம் தெரியுதான்னு பார்த்தாங்க. தெரிஞ்சது. சீனாவில் பெரியவங்க தலையில தேங்கின ரத்தத்தை வெளியேத்தும்போது அது குறையறதை இஐடி காட்டுதுன்னு 2013-ல் ஆய்வு வந்தது. நுரையீரலுக்கு ஐசியூவில வைக்கிற இஐடி மெஷின் கடையிலயே கிடைக்குது.

அப்புறம் ஏன் குழந்தை தலைக்கு இன்னும் வரலை?

வழக்கமான பதில், படம் தெளிவா இல்லை. உண்மைதான். 16 எலக்ட்ரோடு வழக்கமான முறையில வச்சா உங்களுக்குக் கிடைக்கிற தனித்தனி அளவுகள் மொத்தம் 104. நூத்தி நாலே நாலு எண்! இதை வச்சுக்கிட்டு ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ள படம் போடச் சொன்னா எந்தக் கணக்காலயும் முடியாது. கணக்கோட கோளாறு இல்லை, தகவலே அவ்வளவுதான். அதிலயும் மண்டை ஓடு மின்சாரத்தை உள்ள விடாம ஓரமாவே ஓட்டிவிடும். குழந்தை மண்டை ஓடு மெல்லிசுங்கிறதால பெரியவங்க அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் தடைதான்.

உடனே நம்ம சாஃப்ட்வேர் கூட்டம் துள்ளிக் குதிச்சு வரும். "ஏஐ வச்சு ஷார்ப் பண்ணிடலாம் பாஸ்!" பண்ணலாம். பத்தாயிரம் நல்ல மூளைப் படத்தைக் காட்டிப் பழக்கினா, அந்த 104 எண்ணை வாங்கிக்கிட்டு அது அழகான மூளைப் படம் ஒண்ணு வரைஞ்சு கொடுக்கும். நீர் அறையெல்லாம் கச்சிதமா இருக்கும். அதுல பாதி இந்தக் குழந்தையோடது இல்லை, பழக்கின குழந்தைகளோட சராசரி. கசிவு இருக்கிற குழந்தைக்கும் கசிவில்லாத படம் வரலாம். மங்கலான படத்தைப் பார்த்தா டாக்டர் சந்தேகப்படுவார். அழகான பொய்யைப் பார்த்தா நம்பிடுவார். தயவுசெஞ்சு இந்த வேலையைச் செய்யாதீங்க.

என் வாதமே படம் எதுக்குங்கிறதுதான். இஐடிக்காரங்க நாற்பது வருஷமா அல்ட்ராசவுண்டோட படப் போட்டி போட்டுத் தோத்துக்கிட்டே இருக்காங்க. தோக்கத்தான் செய்வாங்க. தர்பூசணிக்காரர்கிட்ட உள்ள எத்தனை விதைன்னு கேட்டா அவர் என்ன பண்ணுவார்? ஆனா "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இருந்ததுக்கும் இப்ப இருக்கிறதுக்கும் ஏதாவது மாறியிருக்கா"ங்கிற கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அதுலதான் இஐடி கெட்டி. மாற்றத்தை அளக்கும்போது தலையோட வடிவம், எலக்ட்ரோடு கொஞ்சம் தள்ளி ஒட்டினது போன்ற நிலையான தப்புகள்ல பெரும்பகுதி கழிஞ்சு போயிடும்.

பக்கவாதம் வந்த பெரியவருக்கு இது சரிப்படாது. ஏன்னா அவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே ரத்தம் கசிஞ்சாச்சு, 'முன்னாடி' எப்படி இருந்ததுன்னு அளவு கிடையாது. குறைமாசக் குழந்தை அப்படி இல்லை. பல சமயம் கசிவுக்கு முன்னாடியே நம்ம கண்ணாடிப் பெட்டிக்குள்ள வந்துடுது. முதல் மணி நேரத்துலயே பட்டையை மாட்டினா, அப்புறம் 72 மணி நேரமும் மாற்றத்தை மட்டும் பார்த்துக்கிட்டே இருக்கலாம். இஐடிக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஒரு நோய் இருந்தா அது இதுதான். அல்ட்ராசவுண்டு எவ்வளவு தெளிவா இருந்தாலும் ஒரு நிமிஷத்தோட போட்டோ. நமக்கு வேண்டியது வாட்ச்மேன்.

சுலபம்னு சொல்லலை. ஒரு சிக்கல் எனக்கே ரொம்பப் பிடிச்சது. மூளைத் திசுவை விட ரத்தம் மின்சாரத்தை நல்லாக் கடத்தும். ஆனா மூளை நீர் ரத்தத்தை விட இன்னும் நல்லாக் கடத்தும். அதனால கசிவு படுகைக்குள்ள இருக்கும்போது கடத்துதிறன் ஏறும். அதே ரத்தம் நீர் அறைக்குள்ள இறங்கினா அங்க கடத்துதிறன் குறையும். அலாரம் எழுதறவன் ஏற்றத்தை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தா கோட்டை விட்டான். அப்புறம் 28 வாரக் குழந்தையோட தோல், வெங்காயச் சருகு மாதிரி. ஒட்டுற எலக்ட்ரோடை எடுக்கும்போது தோலும் கூட வரும். பெட்டிக்குள்ள ஈரப்பதம், குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிறது, எலக்ட்ரோடு பசை காய்ஞ்சு மணிக்கணக்குல அளவு நகர்றது, எல்லாம் இருக்கு. சின்னக் கிரேடு 1 கசிவு தப்பிச்சுப் போகவும் வாய்ப்பு உண்டு. பெரிய கசிவைப் பிடிச்சாலே போதும், "இப்ப போய் ஸ்கேன் டாக்டரை எழுப்புங்க"ன்னு சொன்னா போதும்.

ஆனா இதெல்லாம் மெட்டீரியல் சிக்கல், சிக்னல் சிக்கல். உட்கார்ந்தா தீர்க்கக் கூடியவை. வராததுக்கு நிஜக் காரணம் சந்தைன்னுதான் நான் நினைக்கிறேன். இதைக் கண்டுபிடிச்ச ஊர்கள்ல சட்டப் பூட்டு கிடையாது, புரோபை எடுத்து உச்சிக்குழியில வைக்கலாம். அவங்களுக்கு இது ஆடம்பரம். ஆணா பெண்ணான்னு பார்க்கவே முடியாத மெஷின்ங்கிறது ஆக்ஸ்ஃபோர்டுலயும் புளோரிடாவிலயும் ஒரு சிறப்பம்சமே இல்லை. இங்க அதுதான் முதல் சிறப்பம்சம். சட்டம் கேக்குறது பாலினம் கண்டுபிடிக்கிற திறன். இதுக்கு அந்தத் திறன் கிடையாது. நான் படிச்ச வரைக்கும், பூட்டுக்கு வேலையே இல்லை. ரூமுக்கு ரூம், பெட்டிக்குப் பெட்டி வைக்கலாம்.

கடலூர்லேர்ந்து ஜிப்மருக்கு வர்ற ஆம்புலன்ஸை நினைச்சுப் பாருங்க. தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி, மரப்பாலத்துல மாட்டி, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை, அப்புறம் கோரிமேடு. பிறந்த பிறகு இடம் மாத்திக் கொண்டு வரப்படுற குழந்தைகளுக்குக் கசிவு அதிகம்னு உலகம் முழுக்க ஆய்வுகள் சொல்லுது. வழியில கசிஞ்சதா, அங்கயே கசிஞ்சதா, வந்த பிறகு கசிஞ்சதா? ஓடுற வண்டியில இஐடி அளவு குலுங்கித் தொலைக்கும், தெரியும். ஆனா கிளம்பும்போது ஒரு அளவு, வந்து சேர்ந்ததும் ஒரு அளவு எடுக்கலாமே.

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க, நிறுத்த மருந்து இருக்கா"ன்னு கேப்பாங்க. கசிவை நிறுத்துற மந்திர மருந்து இல்லைதான். ஆனா ரத்த அழுத்தம், வென்டிலேட்டர் அளவு, ரத்தம் உறையற தன்மை, தலையை எப்படி வச்சிருக்கோம், இவ்வளவையும் உடனே திருத்திப் பார்க்கலாம். பின்னாடி தலையில நீர் கோத்துக்குமான்னு முன்கூட்டியே கவனிக்கலாம். அதை விட முக்கியம், எந்த நிமிஷத்துல கசிஞ்சதுன்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாடி நிமிஷத்துல நாம என்ன செஞ்சோம்னு பார்க்கலாம். சளி உறிஞ்சினோமா, அவசரமா சலைன் ஏத்தினோமா? இன்னிக்கு அந்தக் கேள்வியைக் கேக்கவே முடியாது.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். வெளியூர்ல வேலை செஞ்சதுன்னு அப்படியே இறக்கிடக் கூடாது. மூச்சுத் திணறிப் பிறக்கிற குழந்தைகளைக் குளிர்விக்கிற சிகிச்சை மேலைநாடுகள்ல உயிர் காப்பாத்தினது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 408 குழந்தைகள்கிட்ட செஞ்ச ஹெலிக்ஸ் ஆய்வு 2021-ல் வந்தது. குளிர்வித்த பக்கத்துல சாவு அதிகம், 42 சதவீதம். குளிர்விக்காத பக்கம் 31. அதனால இங்க, நம்ம குழந்தைகள்கிட்ட, நம்ம மே மாச வேர்வையில நிரூபிக்கணும். பெங்களூரு ஐஐஎஸ்சியில் துஷார் காந்தி பேராவும் நாகராஜுவும் வருஷக்கணக்கா இஐடி கருவி செஞ்சு ஆய்வுக் கட்டுரை போட்டவங்க. ஜிப்மர்ல பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்குன்னே துறை இருக்கு. நடுவுல 300 சொச்சம் கிலோமீட்டர் ரோடுதான். மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் சேர்ந்து பணம் கேட்டா, சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடுற நேரத்துல பாதியில முடியற வேலை.

கடைசியா, இதுக்கு வரப் போற பின்னூட்டம் எனக்கே தெரியும். "அண்ணே, பட்டையைக் கர்ப்பிணி வயித்துல சுத்திப் பார்த்தா?" பாருங்க. இஐடி பிரிச்சுக் காட்டுறது மொத்த அகலத்துல பத்துல ஒரு பங்கு இருந்தாலே பெரிசு, நடுப்பகுதியில இன்னும் மோசம். 30 சென்டிமீட்டர் வயித்துல 3 சென்டிமீட்டர். 12 வாரக் கருவே மொத்தம் ஆறு சென்டிமீட்டர் வராது. திரையில ஒரு இட்லி தெரியும். ஆண் இட்லியா பெண் இட்லியான்னு கண்டுபிடிக்கிறவங்களுக்கு ஃபார்ம் எஃப் நானே பிரிண்ட் எடுத்துத் தர்றேன் :-)